மீன் மணக்கும் பிளக்

என் வேலை அறைச் சுவரில் ஓர் ஆணியில் பழைய மல்டிபிளக் ஒன்று தொங்குகிறது. வீட்டுக்கு வருகிற ஆட்கள் அதைக் குப்பை என்று நினைத்து எறியப் பார்ப்பார்கள். அம்மா இரண்டு தடவை எறிந்தே விட்டார், குப்பை வாளியிலிருந்து எடுத்து வந்தேன். அதன் பிளக்கைத் திருப்பிப் பார்த்தால் மூன்று பின்களில் ஒன்று மட்டும் கறுத்திருக்கும். அந்தப் பின்னைச் சுற்றியுள்ள வெள்ளைப் பிளாஸ்டிக் கருகி, உறை போட்ட பாலின் ஆடை மாதிரிச் சுருங்கி, விளிம்பில் தேயிலைச் சாயம் பிடித்தது போல் மஞ்சளாய் நிற்கிறது. மற்ற இரண்டு பின்களும் புதுசு போலப் பளபளக்கின்றன.

அது திருகோணமலையில் ஒரு மொத்த வியாபார ஒபிஸில் கிடைத்தது. கடைத்தெருவுக்குப் பக்கம், டச்சுக் குடாக் கரையிலிருந்து நடந்து போகிற தூரம். கிண்ணியா, மூதூர், தம்பலகாமம், நிலாவெளி என்று கடைகளுக்குச் சாமான் ஏற்றுகிறவர்கள். கணக்கு, ஸ்டொக், பில் எல்லாமே ஒரு சேர்வரில். அந்த மிஷினைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

முதலில் அதைக் கண்டுபிடித்தது நானில்லை. கிண்ணியாவிலிருந்து லொறியில் வருகிற முஸ்லிம் அண்ணர், நாங்கள் 'நானா' என்று கூப்பிடுகிறவர்.

நாலைந்து நாளாக ஒபிஸில் மீன் மணம். யாரும் கவனிக்கவில்லை. திருகோணமலையில் மீன் மணம் என்றால் யார் கவனிப்பார்கள்? காற்று திரும்பினால் கரையிலிருந்து வரும், பக்கத்துச் சந்தில் யாராவது பெட்டி கழுவினால் வரும், மத்தியானம் சோற்றுப் பார்சலைப் பிரித்தாலும் வரும். கணக்குப் பார்க்கிற அக்கா ஒரு நாள் ஊதுபத்தி கொளுத்தி வைத்தார், அதோடு சரி. நானா பில் வாங்க வந்தவர் மூக்கைச் சுருக்கிக்கொண்டு நின்றார். "இது மீனும் இல்ல, கருவாடும் இல்ல. என்னமோ எரியிது, பாருங்க" என்று சொல்லி, அவரே குனிந்து மேசைக்குக் கீழே கையை விட்டு, உடனே இழுத்துக்கொண்டார்.

பிளக், பொயின்ட் செய்கிற அந்தக் கடினமான வெள்ளைப் பிளாஸ்டிக்குக்கு யூரியா போர்மல்டிகைட் என்று பெயர். அது அளவுக்கு மீறிச் சூடாகி வதங்கத் தொடங்கினால் அழுகின மீன் மாதிரித்தான் நாறும். வேறு ஊராக இருந்தால் முதல் நாளே யாராவது தேடியிருப்பார்கள். துறைமுக ஊரில் அது நாலு நாள் ஒளிந்திருந்தது.

மேசைக்கு அடியில் நடந்தது இதுதான். சுவரில் ஒரு பழைய பொயின்ட். அதில் இந்த மல்டிபிளக். மல்டிபிளக்கில் சேர்வர், ஒரு றூட்டர், அப்புறம் பிளேன்டீக்குத் தண்ணீர் கொதிக்க வைக்கிற கேத்தில். கேத்தில் 2000 வாட். அது தனியாக இழுப்பது எட்டே முக்கால் அம்பியருக்குக் கொஞ்சம் குறைவு. சேர்வர் ஒன்றேகால் அம்பியர் சொச்சம். சேர்த்தால் 10 அம்பியர்.

"13 அம்பியர் பொயின்ட் தானே தம்பி, பத்துத் தாங்காதா?" என்று முதலாளி ஐயா கேட்டார். நியாயமான கேள்வி. நல்ல பொயின்ட் தாங்கும். ஆனால் இந்தப் பொயின்ட்டின் உள்ளே பின்னைப் பிடித்துக்கொள்கிற பித்தளைத் தகடு தளர்ந்து போயிருந்தது. பல வருடமாகக் கழற்றிக் கழற்றிக் கொழுவியது, அதோடு கடற்காற்றின் உப்பு. பிளக்கைத் தொட்டால் ஆடியது. அப்படித் தளர்ந்த இடத்தில் அரை ஓம் தடை இருந்தது என்று வையுங்கள். சேர்வர் மட்டும் ஓடும்போது அந்த இடத்தில் உண்டாகிற சூடு ஒரு வாட் கூட வராது. கேத்திலைப் போட்டதும்? சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு ஏறும். பத்தைப் பத்தால் பெருக்கி அரையால் பெருக்கினால் 50 வாட். ஈயம் உருக்கி ஒட்டுகிற என் சோல்டரிங் அயன் 25 வாட். அப்படி இரண்டு அயனைப் பிளக்கின் ஒரு பின்னில் வைத்து அழுத்தியது மாதிரி, ஒரு நாளைக்கு மூன்று தடவை, தண்ணீர் கொதித்து முடியும் வரை.

சூடு ஏற ஏறத் தகட்டின் பிடி தளரும், பிடி தளரத் தளரச் சூடு ஏறும். பெரும்பாலும் லைவ் பின்தான் முதலில் போகும், ஏனென்றால் பிளக்குக்குள் இருக்கிற பியூஸைப் பிடிக்கிற கிளிப்பும் அந்தப் பக்கம்தான், அங்கேயும் இணைப்புத் தளர இடமிருக்கிறது.

இதில் எனக்கு உண்மையிலேயே பயம் தந்தது வேறொன்று. பாதுகாப்புக்கென்று வைத்த எதுவும் வேலை செய்யவில்லை, செய்யவும் முடியாது. பியூஸ் 13 அம்பியர், ஓடுவது பத்து, அதற்கு ஒரு குறையும் தெரியாது. மெயின் போர்ட்டில் இருக்கிற பிரேக்கருக்கும் அப்படித்தான். ட்ரிப் சுவிட்ச், போகிற கரண்ட்டுக்கும் திரும்பி வருகிற கரண்ட்டுக்கும் 30 மில்லி அம்பியர் வித்தியாசம் வந்தால் விழும். இங்கே ஒழுக்கே இல்லை. போன அத்தனையும் ஒழுங்காகத் திரும்பி வந்தது, வழியில் பிளக்கைக் கருக்கிவிட்டு. எல்லாக் காவல்காரரும் விழித்திருக்க வீடு எரிகிற கதை. நானாவின் மூக்கு மட்டும்தான் வேலை செய்தது.

அன்றைக்கு நான் செய்யத் தொடங்கிய ஒரு பழக்கம் இன்றைக்கும் உண்டு. எந்த ஒபிஸுக்குப் போனாலும் திரைக்கு முன்னால் உட்காருவதற்கு முதல் மேசைக்குக் கீழே குனிந்து, ஒவ்வொரு பிளக்காகப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பேன். சேர்வரின் பிளக் கைக்குச் சூடு தெரியவே கூடாது. லேசாக வெதுவெதுப்பாக இருந்தாலும் பொயின்ட்டை மாற்றச் சொல்லிவிடுவேன். மல்டிபிளக்கை மாற்றினால் போதாது, தளர்ந்தது சுவரில் இருக்கிற பொயின்ட். பழைய பொயின்ட்டில் புது மல்டிபிளக்கைக் கொழுவினால் புதுசும் கருகும்.

அடுத்த வருடம் அவர்களுக்குப் புது சேர்வர் வாங்கிக் கொடுத்தேன். பவர் சப்ளை இரண்டு உள்ளது. முதுகில் இரண்டு வயர் போகும். ஒன்றை யூபிஎஸ்ஸிலும் மற்றதை வேறு பிரேக்கரிலிருந்து வருகிற பொயின்ட்டில் நேரேயும் கொழுவினேன். யூபிஎஸ் பழுதானால் நேர் லைன் தாங்கும், கரண்ட் போனால் யூபிஎஸ் தாங்கும். எவ்வளவு கெட்டித்தனம் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

பிறகு 2022 வந்தது.

அந்த வருடத்தைப் பற்றி இலங்கையில் இருக்கிற யாருக்கும் நான் விளக்கத் தேவையில்லை. காஸ் சிலிண்டருக்கு வரிசை, பெற்றோலுக்கு வரிசை, மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டு. சாப்பாட்டுக் கடைகள் பாதி நாள் பூட்டு. ஒபிஸ் ஆட்கள் காசு சேர்த்து ஒரு றைஸ் குக்கர் வாங்கினார்கள். கரண்ட் இருக்கிற நேரத்தில் சோறு ஆக்கிக்கொள்வார்கள், கறி மட்டும் வீட்டிலிருந்து வரும். நல்ல யோசனை. குக்கரின் வயர்தான் கொஞ்ச நாளில் பழுதாகிவிட்டது.

கம்பியூட்டரின் முதுகில் குத்துகிற அந்த மூன்று ஓட்டை முனைக்கு சி13 என்று பெயர். பல றைஸ் குக்கர்களுக்கும் அதே முனைதான் பொருந்தும். பியோன் அண்ணா சேர்வருக்குப் பின்னால் போய்ப் பார்த்திருக்கிறார். இரண்டு வயர். ஒன்றைக் கழற்றியிருக்கிறார். மிஷின் நிற்கவில்லை. நன்றாக யோசித்துப் பார்த்தால் அவர் செய்தது சரியான பரிசோதனை. நான் பொறுப்புக் கொடுக்கும்போது செய்து பார்க்க வேண்டிய பரிசோதனை அது, நான் செய்திருக்கவில்லை, அவர் செய்தார்.

"ரெண்டு வயர் கிடந்தது தம்பி. ஒண்டைக் கழட்டினாப் பிறகும் ஓடினது. அப்ப மற்றது சும்மா தானே எண்டு நினைச்சன்."

அவர் கழற்றியது யூபிஎஸ்ஸிலிருந்து வந்த வயர்.

ஆக அடுத்த வெட்டு வந்த நிமிடம் சேர்வர் செத்தது. நான் போனபோது கண்ட காட்சி இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. இருட்டு அறை. யூபிஎஸ் நூறு வீதம் சார்ஜோடு, பச்சை விளக்கோடு, "கரண்ட் இல்லை, கரண்ட் இல்லை" என்று பீப் பீப் என்று கத்திக்கொண்டிருக்கிறது. அதில் ஒரு சாமானும் கொழுவப்படவில்லை. பக்கத்தில் சேர்வர் பிணம் மாதிரி. சமையல் மூலையில் என் வயரோடு றைஸ் குக்கர், அரை வேக்காட்டுச் சோறு.

எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் நின்றதால் ஸ்டொக் கணக்கின் டேட்டாபேஸ் உடைந்து போயிருந்தது. முந்தின பேக்கப்பிலிருந்து எடுத்துவிட்டோம், ஆனால் இடையில் இரண்டு நாள் இல்லை. கணக்கு அக்கா பில் புத்தகத்தை வைத்துக்கொண்டு இரண்டு நாளையும் திரும்ப அடித்தார். அந்த இரண்டு நாளும் என்னோடு பேசவில்லை. பியோன் அண்ணாவோடு பேசினார், என்னோடுதான் பேசவில்லை. அது சரிதான். ஒரு பவர் சப்ளைக்குக் கரண்ட் வராவிட்டால் சேர்வர் மெயில் அனுப்பும்படி வைத்திருந்தேன். அது அனுப்பியும் இருந்தது, நான் திறக்காமல் விட்டுவிட்ட ஒரு பழைய முகவரிக்கு. முன்பக்கத்தில் செம்மஞ்சள் விளக்கும் மினுங்கியிருக்கிறது. ஒபிஸ் ஆட்கள் அதை அழகுக்கு என்று நினைத்தார்களாம்.

சேர்வருக்குப் பாதுகாப்பு என்றதும் நாங்கள் எல்லோரும் வெளியாளைத்தான் யோசிக்கிறோம். ஹக்கர், கள்ளன், பாஸ்வேர்ட். என் பதினைந்து வருட வேலையில் ஒரு கள்ளனும் சேர்வரைத் தூக்கிக்கொண்டு போனதில்லை. எங்கள் ஊரில் பஸ் நிலையப் பக்கம் மான்கள் சர்வ சாதாரணமாகத் திரியும், கடை வாசலில் நின்று எட்டிப் பார்க்கும், ஒரு மானும் என் வயரைக் கழற்றியதில்லை. கழற்றியவர்கள் எல்லோரும் ஒபிஸின் நல்ல மனிதர்கள். தும்புத்தடியால் கூட்டும்போது, போன் சார்ஜ் போட, பேன் போட, சோறு ஆக்க. அவர்களுக்கு ஒரு பொயின்ட் தேவைப்பட்டது, கைக்கெட்டியது சேர்வரின் பொயின்ட்.

சரி, அதற்குப் பிறகு பூட்டுப் போட்டேன். சுவரில் அடிக்கிற இரும்புக் கபினெட், கண்ணாடிக் கதவு, திறப்போடு. திறப்பை முதலாளி ஐயாவிடம் கொடுத்தேன். அடுத்த கிழமை போனால் திறப்பு பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது, "சேர்வர்" என்று அக்காவின் முத்து முத்தான எழுத்தில் ஒரு அட்டையோடு. அதை விடப் பெரிய பகிடி இருக்கிறது. இன்னொரு ஒபிஸில் அதே மாதிரிக் கபினெட். அவர்கள் திறப்பைத் தொலைத்துவிட்டுக் கூப்பிட்டார்கள். சும்மா பார்ப்போம் என்று இந்தத் திறப்பைப் போட்டேன், அழகாகத் திறந்தது. மலிவான கபினெட்டுகளுக்கு அனேகமாக ஒரே வெட்டுத் திறப்புத்தான். அந்தப் பூட்டு நல்லவர்களுக்கு "இங்கே கை வைக்க வேண்டாம்" என்று சொல்கிற பலகை. அவ்வளவு தூரம் அது போதும். உள்ளே இருக்கிற ஹார்ட்டிஸ்க்கை ஒரு விரலால் இழுத்தெடுக்கலாம், கெட்டவன் ஒருவன் வந்தால் கபினெட் தடுக்காது. அதற்காக டிஸ்க்கை வேறு ஆள் வாசிக்க முடியாதபடி என்கிரிப்ட் செய்திருக்கிறேன், ஒரு பேக்கப்பை உவர்மலையில் மேட்டில் ஒரு வீட்டில் வைத்திருக்கிறேன். 2004 டிசம்பர் 26 சுனாமியைப் பார்த்த ஊரில், கரையிலிருந்து நடக்கிற தூரத்தில் உள்ள கட்டடத்துக்குள்ளேயே பேக்கப்பையும் வைப்பதற்கு எனக்கு மனம் வராது.

பூட்டுப் போட்ட வருடமே வாணி விழா வந்தது. ஆயுத பூசைக்குக் கபினெட்டைத் திறந்து வைக்கச் சொன்னார்கள், சேர்வரும் ஆயுதம் தானே. மறுநாள் போனேன். சேர்வரின் முன் வலையில், காற்று உள்ளே போகிற இடத்தில், மூன்று விரல் சந்தனமும் குங்குமமும். கபினெட் தலையில் செவ்வந்தி மாலை, இதழ்களைப் பேன் உள்ளே இழுத்திருந்தது. படத்தைச் சுற்றிக் கலர் பல்ப் சரம். அதன் பிளக் இரண்டு பின். 13 அம்பியர் பொயின்ட்டில் எர்த் ஓட்டைக்குள் ஏதாவது போனால்தான் மற்ற இரண்டு ஓட்டையும் திறக்கும், குழந்தைகள் கம்பி விடாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. எங்கள் நாட்டில் அந்த ஏற்பாட்டை ஓர் ஈர்க்கு வெல்லும். யூபிஎஸ் பொயின்ட்டின் எர்த் ஓட்டையில் ஒடிந்த ஈர்க்குத் துண்டு அப்படியே நின்றது, இரண்டு பின்னும் பாதிதான் உள்ளே, மீதிப் பாதி பளபளவென்று வெளியே. அதற்கு மேலே மஞ்சள் தண்ணீர் தெளித்த தடம். நான் அந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

யாரையும் ஏசவில்லை. ஏசிப் பிரயோசனமும் இல்லை. முதலாளி ஐயாவிடம் ஒன்றுதான் கேட்டேன், வயரிங் வேலை செய்கிற பாஸை ஒரு நாள் கூப்பிட்டுத் தாருங்கள் என்று.

பாஸ் வந்தார். சமையல் மூலைக்கு மெயின் போர்ட்டிலிருந்து தனி பிரேக்கரில் ஒரு லைன் இழுத்து, மேசை மட்டத்தில் இரட்டைப் பொயின்ட் இரண்டு. கேத்திலும் குக்கரும் அங்கே. கணக்கு அக்காவின் மேசைக்கு மேல் போன் சார்ஜுக்கு ஒன்று. சாமி படத்துக்குக் கீழே ஒன்று. சேர்வருக்கு? கபினெட்டுக்கு உள்ளேயே இரண்டு பொயின்ட், சுவிட்ச் இல்லாத ரகம், கை பட்டு அணைவதற்கு வழியில்லாமல். யூபிஎஸ்ஸையும் கபினெட்டுக்கு அடியில் இரும்புத் தாங்கி அடித்து, கம்பி வலை போட்டு மூடினோம், காற்று போக வேண்டுமே. அதன் பட்டரியை வருடத்துக்கு ஒரு தடவை பார்க்கிறேன். ஈய பட்டரி எங்கள் ஊர்ச் சூட்டில் சொன்ன ஆயுளுக்கு வராது.

வயர்களையும் மாற்றினேன். கடையில் சும்மா கிடைக்கிற வயருக்கும் நல்ல வயருக்கும் உள்ள வித்தியாசம் கையில் எடுத்தாலே தெரியும், செம்புக்குப் பாரம் உண்டு. செம்பு பூசின அலுமினியம் என்றால் லேசாக இருக்கும், இழையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். நல்ல வயரின் உறையில் 0.75 அல்லது 1.0 என்று செம்பின் குறுக்குவெட்டுப் பரப்பு சதுர மில்லிமீற்றரில் அச்சடித்திருக்கும். பிளக்கில் ஒரு அடையாளம் பார்ப்பேன். சதுரப் பின் பிளக்கில் லைவ், நியூட்ரல் பின்களின் அடியில் மட்டும் கறுப்பு உறை இருக்க வேண்டும், எர்த் பின் முழுக்க வெறும் பித்தளையாக இருக்க வேண்டும். எர்த் பின்னுக்கும் உறை போட்டிருந்தால் அது போலி, அந்தப் பின் சில பொயின்ட்டுகளில் எர்த்தைத் தொடாமலே நிற்கும். இந்தச் சேர்வருக்கு 5 அம்பியர் பியூஸ் தாராளம். கடைக்காரர் தருவது எப்போதும் 13, அதைக் கழற்றி மாற்றினேன்.

சேர்வர் முதுகில் சி13 முனையைப் பிடித்துக்கொள்ளும் ஒரு வயர் பட்டி வருகிறது. பெட்டிக்குள் கிடக்கும், யாரும் போடுவதில்லை, நானும் முதல் தடவை போடவில்லை. இப்போது போட்டிருக்கிறேன். வயரின் இரண்டு நுனியிலும் சிட்டை, யூபிஎஸ் வயருக்குச் சிவப்பு, நேர் வயருக்கு வெள்ளை. வயரைச் சுவரிலிருந்து நேரே இறக்காமல் ஒரு தொங்கல் விட்டுத்தான் மேலே ஏற்றியிருக்கிறேன். மாரி மழையில் யன்னல் வழியாக ஒழுகுகிற தண்ணீர் வயரோடு வழிந்து வந்தாலும் தொங்கலின் அடியில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. வாடைக் காலத்தில் ஒரு தடவை சொட்டியிருக்கிறது, நிலத்தில் வட்டமாக ஈரம் கண்டேன்.

இதோடு அறை ஏசியைப் பற்றியும் சொல்ல வேண்டிய ஒரு விஷயம் உண்டு. இரவில் அதை நிற்பாட்டினால் பில் மிச்சம் என்பார்கள். ஏசி நின்றால் கடற்காற்றின் ஈரம் அறைக்குள் வந்து இரும்பில் படியும், அதில் உப்பும் இருக்கும். எங்கள் ஊரில் படலையின் பிணைச்சல் எப்படித் துருப்பிடிக்கிறதோ, அப்படியே சேர்வரின் திருகாணியும். கழற்றப் போனால் தலை உடையும். 27 பாகையில் விடாமல் ஓடினாலே போதும் என்று பேசித் தீர்த்திருக்கிறோம்.

வாணி விழாவுக்கு ஒப்பந்தம் இதுதான்: சந்தனம் கபினெட் கண்ணாடிக் கதவில், வெளிப்பக்கம். மாலை படத்துக்கு. பல்ப் சரம் சாமி படத்துப் பொயின்ட்டில், மூன்று பின் பிளக் மாற்றிக் கொடுத்தது நான். இரண்டு வருடமாக நன்றாகப் போகிறது. கடலையும் அவலும் எனக்கும் ஒரு பை வருகிறது.

போன மாதம் போனபோது சமையல் மூலைப் பக்கம் எட்டிப் பார்த்தேன். கேத்தில் பிளக்கைப் புறங்கையால் தொட்டேன், குளிர்ச்சியாக இருந்தது. குக்கருக்கு இப்போது சொந்தமாகப் புது வயர். அதை பியோன் அண்ணா குக்கரின் கைபிடியோடு இரண்டு கேபிள் டை போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார். ஏன் என்று கேட்டேன்.

"ஆராவது கழட்டிக்கொண்டு போய் உங்கட சேர்வருக்குக் குத்திப்போடுவாங்கள் தம்பி" என்றார்.